வேலை செஞ்ச வலியா, முடக்குவாதமா? மூட்டு வலி பற்றி வேலூர் ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

காலை ஆறரை மணி. ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் காத்து நிற்கிறார்கள். டிபன் பாக்ஸ் பையை விரலில் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்பவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார். என்னாச்சு என்று கேட்டால் பதில் இப்படித்தான் வரும்: "மெஷின்ல உக்காந்து உக்காந்து இப்படி ஆயிடுச்சுக்கா. காலைல விரலை மடக்கவே முடியல. பத்து மணிக்கு மேல தானா சரியாயிடும்."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரையோரம் நீளும் தோல் தொழில் பகுதியில் மூட்டு வலி யாருக்கும் புதுசு இல்லை. ஈரத் தோலைத் தூக்குகிறவருக்குத் தோளும் இடுப்பும் வலிக்கும். அப்பர் தைக்கிறவருக்குக் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். அதனால் எந்த வலி வந்தாலும் 'வேலை வலி' என்று ஒதுக்கிவிடுவது பழக்கமாகிவிட்டது.

ஆனால் மேலே சொன்ன பதிலின் கடைசி வரியில் ஒரு எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. அது என்ன? மூட்டு வலியில் எத்தனை வகை? பக்கத்திலேயே இருக்கும் வேலூர் இந்த ஆராய்ச்சியில் என்ன செய்திருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

மூட்டு வலி எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூட்டு, தசை, எலும்பு, ரத்தக்குழாய் ஆகியவற்றைத் தாக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களை 'வாத நோய்கள்' என்ற ஒரே பெயரில் மருத்துவம் சேர்த்து வைத்திருக்கிறது. நம் ஊரில் அதிகம் பார்ப்பவை இவைதான்:

• வேலைப் பளுவால் வரும் தசை, தசைநாண் வலி. ஓய்வு எடுத்தால் குறையும்.

• மூட்டுத் தேய்மானம். வயது, உடல் எடை, பழைய காயம் ஆகியவை காரணம். பெரும்பாலும் முழங்காலில் வரும்.

• முடக்குவாதம். சரவாங்கி என்றும் சொல்வார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது.

• வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டுவாதம். சிக்குன்குனியா இதற்குச் சரியான உதாரணம்.

• குழந்தைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டில் ஆரம்பித்து இதயத்தில் போய் முடியும்.

இதில் முடக்குவாதம் எத்தனை பேருக்கு இருக்கிறது? மருத்துவர் மாளவியா குழுவினர் டெல்லி அருகே கிராமங்களில் ஆய்வு செய்து 1993-ல் வெளியிட்ட கணக்கின்படி, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு. மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் புனே அருகே பிக்வான் கிராமத்தில் 1996-ல் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில் சுமார் 0.5 சதவீதம். அதே பிக்வானில், மூட்டு அல்லது தசை வலி இருப்பதாகச் சொன்னவர்கள் 18 சதவீதம்!

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலி என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு முடக்குவாதம் கிடையாது. பயப்பட வேண்டாம் என்பது ஒரு பக்கம். அந்தப் பெரிய கூட்டத்துக்குள் உண்மையிலேயே முடக்குவாதம் இருக்கும் சிலர் கண்ணில் படாமல் போய்விடுவார்கள் என்பது இன்னொரு பக்கம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண வேலை வலி, வேலை செய்யச் செய்யக் கூடும். ராத்திரி தூங்கி எழுந்தால் குறையும். முடக்குவாதம் இதற்கு நேர் எதிர். ஓய்வுக்குப் பிறகு, அதாவது காலையில்தான் மோசமாக இருக்கும். விரல் இறுகிப்போய் மடக்க வராது. அரை மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூட அந்த இறுக்கம் நீடிக்கும். கை அசைய அசையத் தளரும்.

'பத்து மணிக்கு மேல தானா சரியாயிடும்' என்ற வார்த்தைதான் அந்த எச்சரிக்கை.

இன்னும் சில அடையாளங்கள்: விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் வீங்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். கை குலுக்கும்போது அடிமூட்டுகளைச் சேர்த்து லேசாக அழுத்தினாலே சுரீர் என்று வலிக்கும். களைப்பு, லேசான காய்ச்சல், எடை குறைவது ஆகியவையும் இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

இந்த வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. ஆரம்பித்த முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கினால் எலும்பு அரிப்பைப் பெருமளவு தடுக்க முடியும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஒரு தடவை எலும்பு அரித்து விரல் கோணிப்போனால், எந்த மருந்தாலும் அதைப் பழையபடி நிமிர்த்த முடியாது. கைதான் முதல் என்று பிழைக்கும் ஊரில் இது சின்ன விஷயமா?

1964: வேலூரில் பரவிய அந்த மர்மக் காய்ச்சல்

மூட்டு நோய் ஆராய்ச்சியில் வேலூருக்கு அறுபது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

1964-ல் சென்னை, வேலூர், புதுச்சேரி பகுதிகளில் டெங்கு மாதிரியான ஒரு காய்ச்சல் வேகமாகப் பரவியது. காய்ச்சலோடு மூட்டுகளில் கடுமையான வலி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், வைரஸ் ஆய்வு செய்துவந்த ரூத் மையர்ஸ், டொனால்ட் கேரி உள்ளிட்ட குழுவினர் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும், கொசுக்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அது சிக்குன்குனியா.

1952-ல் ஆப்பிரிக்காவின் தான்சானியா பகுதியில் முதலில் அறியப்பட்ட நோய் இது. வலியில் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மகொண்டே மொழிச் சொல்தான் நோய்க்குப் பெயரானது. இந்தியாவில் 1963-ல் கொல்கத்தாவில் தலைகாட்டி, அடுத்த ஆண்டே தமிழகம் வந்துவிட்டது. வேலூரில் பெரியவர்களுக்கு இந்த நோய் எப்படி இருந்தது, கைக்குழந்தைகளுக்கு எப்படி இருந்தது என்று தனித்தனியாக எழுதப்பட்ட கட்டுரைகள் 1965-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாகின.

ஒரே நோயாளியின் உடலில் டெங்கு, சிக்குன்குனியா என இரண்டு வைரஸும் ஒரே சமயத்தில் இருந்ததையும் மையர்ஸ், கேரி இருவரும் 1967-ல் பதிவு செய்தார்கள். இன்றைக்கும் இந்தத் தகவல் உயிர் காக்கிறது. எப்படி? மூட்டு வலி இருக்கிறதே, சிக்குன்குனியாதான் என்று நாமே முடிவு செய்துகொண்டு வலி மாத்திரை போட்டால், கூடவே டெங்குவும் இருக்கும் பட்சத்தில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அதனால்தான் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

1973-க்குப் பிறகு கிட்டத்தட்ட 32 வருடம் காணாமல் போன சிக்குன்குனியா, 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-ல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் என்று அரசு கணக்கு சொன்னது. அறுபதுகளில் வந்தது ஆசிய வகை; 2006-ல் வந்தது ஆப்பிரிக்க வகை.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் சிலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில், அபூர்வமாக வருடக்கணக்கில்கூட இருக்கும். பார்ப்பதற்கு அசல் முடக்குவாதம் போலவே இருக்கும். மலேரியா மருந்தான குளோரோகுயின் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அப்போது பரவலாக நம்பினார்கள். மருத்துவர் சோப்ரா குழு முறைப்படி சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டது: ஆரம்பக் கட்ட நோயில், வழக்கமான வலி மாத்திரையைவிட குளோரோகுயினில் கூடுதல் பலன் இல்லை. இப்படி 'வேலை செய்யவில்லை' என்று நிரூபிப்பதும் ஆராய்ச்சிதான்.

பள்ளிக் குழந்தையின் மூட்டு வலியை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது?

'வளர்ற பையன், கால் வலிக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 5 முதல் 15 வயதுக்குள், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால் வீங்கி, அது சரியானதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு என்று வலி இடம் மாறினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.

தொண்டையைத் தாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி, தவறுதலாக மூட்டையும் இதய வால்வையும் தாக்குவதுதான் இந்த நோய். மூட்டு முழுசாகச் சரியாகிவிடும். இதய வால்வில் பட்ட காயம் ஆறாது.

2001-2002-ல் சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூர் மாவட்ட கிராமப்புறப் பள்ளிகளில் சுமார் 2.3 லட்சம் மாணவர்களைப் பரிசோதித்தார்கள். ருமாட்டிக் இதய நோய் ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில் இருந்தது. அதாவது ஏறக்குறைய 1,500 குழந்தைகளில் ஒருவர். முந்தைய பத்தாண்டுகளில் நாட்டின் பல இடங்களில் பதிவானதைவிட இது குறைவு; நோய் குறைந்து வருகிறது என்ற நல்ல செய்தியாக அது பார்க்கப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வு ஸ்டெதஸ்கோப்பில் தொடங்கியது. இதயச் சத்தம் மாறினால்தான் சந்தேகம் வரும். பிறகு ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எல்லாக் குழந்தைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தபோது, ஆயிரத்துக்கு சுமார் 20 பேருக்கு வால்வில் மாற்றம் தெரிந்ததாக 2011-ல் முடிவு வெளியானது. காதுக்குக் கேட்காத பாதிப்பு அத்தனை இருக்கிறது.

இதற்கான சிகிச்சை விலை உயர்ந்தது இல்லை. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. வருடக்கணக்கில் விடாமல் போட வேண்டும். ஊசி போடும் நாளில் அம்மாவோ அப்பாவோ வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதுதான் பல வீடுகளில் ஊசி விட்டுப்போகக் காரணம்.

நாடி கிடைக்காத நோய்: வேலூரின் இன்னொரு பங்களிப்பு

வாத நோய் என்றால் மூட்டு மட்டும் இல்லை. 'டகயாசு' என்று ஒரு நோய். 1908-ல் இதைப் பதிவு செய்த ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிதோ டகயாசு பெயரில் அழைக்கப்படுகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் தடித்து, பாதை சுருங்கிவிடும். பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வருகிறது. கையில் நாடி கிடைக்காது; ஒரு கையில் பி.பி. பார்த்தால் ஒரு அளவு, இன்னொரு கையில் வேறு அளவு. துணி காயப்போடக் கையைத் தூக்கினாலே கை சோர்ந்துபோகும்.

இந்த நோயில் பெரிய சிக்கல், நோய் இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா, அடங்கிவிட்டதா என்று தெரியாதது. தெரியாமல் எவ்வளவு மருந்து கொடுப்பது? இதற்காக இந்திய மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். லக்னோவைச் சேர்ந்த ராம்நாத் மிஸ்ரா, வேலூர் சி.எம்.சி.யில் வாதநோய்த் துறையை வளர்த்தெடுத்த தேபாஷிஷ் தண்டா ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். 'ஐ.டி.ஏ.எஸ். 2010' என்ற அந்த முறை 2013-ல் வெளியானது. மொத்தம் 44 அறிகுறிகள். அதில் 33 இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்தவை. கையில் நாடி பார்த்து, இரண்டு பக்கமும் பி.பி. எடுத்து, கேள்வி கேட்டு நிரப்பும் தாள் இது. விலை உயர்ந்த ஸ்கேன் இல்லாத இடத்திலும் பயன்படும். இன்று வெளிநாட்டு ஆய்வுகளிலும் இந்த இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்.

தோல் வேலையால் முடக்குவாதம் வருமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. முடக்குவாதம் ஒரே காரணத்தால் வருவதில்லை. சில மரபணு வகைகள் அடித்தளம் போடுகின்றன. அதன் மேல் வெளியிலிருந்து ஏதோ ஒன்று தீப்பொறி போல விழுகிறது. அந்தத் தீப்பொறிகளில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்டது புகையிலைப் புகை. கல் உடைக்கும் இடங்களில் கிளம்பும் சிலிக்கா தூசியும் பட்டியலில் உண்டு. மலேசியப் பெண்களிடம் நடந்த ஆய்வில், துணி ஆலைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு இருந்தது. நுரையீரலில் ஏற்படும் எரிச்சல்தான் எதிர்ப்பு சக்தியைத் திசை திருப்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

டேனரியில் பயன்படும் குரோமிய உப்புகள் முதலில் பதம் பார்ப்பது தொழிலாளியின் சருமத்தையும் மூச்சுக்குழாயையும். மூட்டைப் பொறுத்தவரை, எடை தூக்குவது, குனிந்தே நிற்பது, ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வது ஆகியவைதான் தேய்மானத்துக்கும் தசைநாண் வலிக்கும் நேரடிக் காரணம். ஆகவே தோல் வேலை செய்கிற எல்லோருக்கும் முடக்குவாதம் வரும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் புகையை விட வேண்டும். தூசி பறக்கும் பிரிவில் மாஸ்க் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

'செட் மாத்திரை' ஏன் ஆபத்து?

மெடிக்கல் ஷாப்பில் "மூட்டு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணா" என்றால் மூன்று நாலு மாத்திரை மடித்துத் தருவார்கள். போட்ட அன்றே வலி பறந்துவிடும். காரணம், அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் கொடுத்தபோது உலகமே வியந்தது. 1950-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சில வருடத்திலேயே மறுபக்கம் தெரிந்தது: முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பொத்தலாகும், கண்புரை வரும், இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம், அடங்கியிருந்த காசநோய் கிளம்பலாம். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டு திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது.

இன்று முடக்குவாதத்துக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. பீமவரத்தில் 1895-ல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகடா சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவிலிருந்து வந்ததுதான் இந்த மருந்துக் குடும்பம். புற்றுநோய்க்காக உருவானது. குறைந்த அளவில் கொடுத்தால் மூட்டு அழற்சியை அடக்குகிறது என்று பின்னால் தெரிந்து, 1988-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. சுப்பாராவ் 1948-லேயே காலமாகிவிட்டார்.

இந்த மாத்திரை பற்றி மூன்று விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு, பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்; 'கேட்கல' என்று பாதியில் விடாதீர்கள். மூன்று, கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் சாப்பிடவே கூடாது. டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இடையிடையே ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

'ஆர்.ஏ. பாசிட்டிவ்' என்றால் முடக்குவாதம்தானா?

அவசியமில்லை. காசநோய், தொழுநோய், சில மஞ்சள் காமாலை வைரஸ் உள்ளவர்களுக்கும், வயதான ஆரோக்கியமானவர்களுக்கும்கூட ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் வரலாம். முடக்குவாதம் இருந்தும் நெகட்டிவ் வருவதும் உண்டு. ஆன்டி-சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிடத் துல்லியமானது. ஆனாலும் ரிப்போர்ட் மட்டும் நோயை முடிவு செய்யாது. மூட்டைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் கைதான் முடிவு செய்யும்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

• காலை இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்த மூட்டு வீங்குகிறது என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீக்கம் இருக்கும்போது செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கலாம்.

• வீக்கம் ஆறு வாரம் தாண்டினால் வாதநோய் நிபுணரைப் பாருங்கள். அருகில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். சி.எம்.சி.யிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வாதநோய்த் துறை இருக்கிறது.

• மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள் என்பது 2017 முதல் உள்ள விதி. சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். கம்பெனி டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவதோடு நிற்காமல், நிபுணருக்கு ரெஃபரல் கேளுங்கள்.

• மூட்டுத் தேய்மானமோ வேலை வலியோ என்றால் பிசியோதெரபிதான் முதல் மருந்து. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

இதில் விடுபட்டுப்போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஆம்பூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பரைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள். ஜோடிக் கணக்கில் கூலி. இ.எஸ்.ஐ. கார்டு கிடையாது. விரல் மடங்காத காலையில் ஜோடி குறையும், கூலியும் குறையும். மாத்திரை செலவு அதே கூலியிலிருந்து போக வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கும் விரல்தான் மூலதனம். முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் அந்த விரல்களைத்தான்.

அறுபது வருட ஆராய்ச்சி, எந்த வலி எது என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறது. மலிவான மருந்தும் இருக்கிறது. மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான். அதனால் உங்கள் வீட்டில், பஸ்ஸில், பக்கத்து மெஷினில் யாராவது "காலைல விரலை மடக்க முடியலக்கா" என்றால், அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "எத்தனை மணிக்குச் சரியாகுது? எத்தனை வாரமா இருக்கு?"